சப்பீராளுக்குச் சொல்லாத சேதி

பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டு மடிப்பக்கா எடுத்த சீட்டில் சப்பீராள் என்று எழுதியிருந்தது. படித்தவுடன் அதை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், அதற்கு மேல் மடிக்க முடியாதபோதுதான் கை நின்றது. முப்பத்தொரு வருஷமாகத் துணி மடித்தே பிழைத்த கை அது. எது கிடைத்தாலும் மடித்துவிடும்.

ஆலயத்துக்குப் பின்புறம் இருக்கும் அறையில் புதன்கிழமை மதியந்தோறும் கூடும் பெண்கள் கூட்டம். பன்னிரண்டு பேர் வந்தால் நல்ல கூட்டம், எட்டுப் பேர் வந்தால் மழை என்று அர்த்தம். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லோருக்கும் அவர் செயலாளரம்மா. பள்ளிக்கூடம் அவரை விட்டதே தவிர அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. இந்த வருஷத்துக்கு அவர் போட்ட திட்டம், வேதத்தில் சறுக்கி விழுந்த பெண்கள். வாரம் ஒருத்தி சீட்டு எடுக்க வேண்டும். அடுத்த வாரம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசி, கடைசியில் ஒரே வாக்கியத்தில் பாடம் சொல்ல வேண்டும். செயலாளரம்மா அதைத் தடித்த பேனாவால் சார்ட் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்.

சுவரில் ஏற்கெனவே ஐந்து பாடங்கள் தொங்கின. சாராளுக்கு, கர்த்தர் கொடுத்த வாக்குத்தத்தத்தைக் கேட்டுச் சிரிக்காதே. லோத்தின் மனைவிக்கு, திரும்பிப் பார்க்காதே. அதைப் பேசிய பேருந்து ஓட்டுநரின் மனைவி, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையில்கூட ஒருத்தி திரும்பிப் பார்ப்பாளே என்று கேட்டுச் செயலாளரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ரெபெக்காளுக்கு, பிள்ளைகளுக்குள் பாரபட்சம் காட்டாதே. இதைச் சொன்னவள் தன் இளைய மகனை எப்படித் தாங்குவாள் என்பது ஊருக்கே தெரியும். எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவள் பாவத்தில் பாடம் எடுப்பது அவ்வளவு சுலபம்.

மடிப்பக்கா வேலை செய்வது ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். அறுவைசிகிச்சைக்கான கத்தியும் கத்தரியும் இடுக்கியும் கழுவப்பட்டு அங்கே வரும். எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நாடா ஒட்டி, கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். உள்ளே போகாதது பச்சைப் பொட்டலம், வெளியே வந்தது வெந்த பொட்டலம். இந்தச் சமையலறைப் பேச்சை டாக்டர்கள் முன்னால் பேசக் கூடாது என்று ஒரு தடவை சுற்றறிக்கையே வந்தது. யாரும் கேட்கவில்லை. ஜன்னல் இல்லாத அறை. பொட்டலம் கொடுத்து வாங்க ஒரு சின்னத் திறப்பு மட்டும். அந்த ஈரச் சூட்டில் நின்று நின்று மடிப்பக்காவின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீட்டுக்குப் போனால் சர்க்கரை நோய்க்காரக் கணவர் டிவி முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் பத்து மாதம். அதற்குப் பிறகு சமையல் மட்டும்தான், அதிலிருந்து ஓய்வு கிடையாது.

இயந்திரத்தை ஓட்டியவனுக்கு நீராவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவன் மனைவியும் அதே கீழ்த்தளத்தில் பொட்டலம் கட்டினாள். அவள் நீராவி வீட்டம்மா. ஒரே இடத்தில் வேலை செய்யும் புருஷன் பெண்டாட்டி என்றால் கேலிக்குப் பஞ்சமா? வீட்டிலும் கொதிக்கிறது இங்கேயும் கொதிக்கிறது என்பார்கள். அவள் சிரித்துவிட்டு, எங்க வீட்டுக் கொதி சீக்கிரம் ஆறிடும் என்பாள். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு முறையும் இயந்திரம் முழு நேரம் ஓடியது என்று ஓட்டியவர் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தவர் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். நாலு பேர் வேலையை இரண்டு பேர் செய்கிற இடத்தில் யார் நின்று பார்ப்பது? ஆகவே பார்த்தவர் என்ற கட்டத்தில் காலையிலேயே மேலிருந்து கீழ்வரை கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். பார்க்காமலே பார்த்தவர்கள். இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதிகமான பக்கங்களில் இருந்தது மடிப்பக்காவின் கையெழுத்துதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மேலே அறுவைசிகிச்சை அறையில் அவசரம் என்று திறப்பு வழியாக நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். நீராவி பன்னிரண்டு நிமிஷம் முன்னதாகவே இயந்திரத்தைத் திறந்துவிட்டு, பதிவேட்டில் முழு நேரம் என்று எழுதிவிட்டான். பக்கத்துக் கட்டத்தில் அவன் மனைவியின் கையெழுத்து காலையிலிருந்தே காத்திருந்தது. மேலே நர்ஸ் பொட்டலத்தைப் பிரித்தால் உள்துணி ஈரம், முழு நேரம் ஓடியிருந்தால் காய்ந்திருக்க வேண்டியது. நல்லவேளை, கத்தி யார் உடம்பிலும் படவில்லை. பொட்டலம் திரும்பி வந்தது, விசாரணையும் கூடவே வந்தது. அன்று வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்தார்கள்: இயந்திரம் முழு நேரம் ஓடியது, ஈரம் எப்படி வந்ததென்று தெரியாது, இரண்டு பேரும் இதையே சொல்வோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நீராவியை மேலாளர் கூப்பிட்டார். இயந்திரத்துக்குள்ளேயே நேரத்தைக் குறித்துக்கொள்ளும் காகிதச் சுருள் ஒன்று இருக்கிறதாம். அது இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது. அதை மேசைமேல் விரித்ததும் அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பதினோரு மணிக்கு அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, காவலாளியோடு அவனை வெளியே அனுப்பினார்கள். போகிற வழியில் அந்தச் சின்னத் திறப்புக்கு வெளியே ஒரு நொடி நின்று, உள்ளே இருந்த மடிப்பக்காவிடம் அவன் குனிந்து பேசினான்.

"அக்கா, அவ ரெண்டு மணிக்கு வருவா. நான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்னு சொல்லிடுங்க. அவளும் உள்ளத உள்ளபடி சொல்லட்டும். மறைக்க வேணாம்."

மடிப்பக்கா சரி என்று தலையாட்டினாள். மனதார ஆட்டிய தலைதான்.

நீராவி வீட்டம்மா அன்று காலையிலேயே தன் அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தாள். அந்த வீட்டுக்கு அப்போது ஒரே கைபேசி, அதுவும் அவன் சட்டைப்பையில். நீராவி முன்வாசலில் வெயிலில் அவளுக்காகக் காத்து நின்றான். அவளோ கண் மருத்துவமனையிலிருந்து நேராக வந்ததால் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள். இதற்கிடையில் மேலாளர் மடிப்பக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: அந்தம்மா வந்ததும் நேரே என்னிடம் அனுப்புங்கள், எதுவும் சொல்லக் கூடாது, அவள் வாயிலிருந்து என்ன வருகிறதென்று பார்க்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்த தப்பு என்றால் இதோடு போயிற்று. எல்லோரும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கிளம்பினால் ஆறு மாதப் பதிவேட்டையும் எடுத்துப் புரட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

ஆறு மாதப் பதிவேட்டில் பாதிப் பக்கம் மடிப்பக்காவின் கையெழுத்து. உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பெண் எதையும் மிச்சம் வைக்க மாட்டாள், எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லுவாள். பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிவரை மடிப்பக்கா துணி மடித்தாள். இரண்டு மணிக்கு நீராவி வீட்டம்மா வியர்த்து விறுவிறுத்து வந்து, கண் ஆஸ்பத்திரியில கூட்டம் தாங்கலக்கா என்று தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மடிப்பக்கா சொன்னது, மேலாளர் கூப்பிடுறார் என்பது மட்டும். நீராவி வீட்டம்மா மாடியேறிப் போய், இயந்திரம் முழு நேரம் ஓடியது சார் என்று, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். பொய் சொன்னதற்காக அவளையும் வேலையிலிருந்து எடுத்தார்கள். உண்மை சொல்லியிருந்தால் அவளை வைத்துக்கொள்வதாகத்தான் இருந்தோம் என்று மேலாளர் பிறகு வருத்தப்பட்டாராம். வருத்தப்படுவதற்கும் ஒரு பதவி வேண்டியிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்று கேட் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவள் மடிப்பக்கா ஒருத்திதான். அந்தப் பாசத்தை அவள் நம்பியதுதான் வினையாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து நீராவி வீட்டம்மா கடைத்தெருவில் அவளை நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது. வீட்டில் பெரிய சண்டை. நீ மட்டும் ஒத்துக்கொண்டு நல்லவனாகிவிட்டாய், என்னைப் பொய்க்காரியாக மேலே நிற்க வைத்துவிட்டாய் என்று அவள் கத்தியிருக்கிறாள். மடிப்பக்காவிடம் சொல்லி அனுப்பினேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான்.

"அவரு உங்ககிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாராக்கா?"

"இல்லையே" என்றாள் மடிப்பக்கா.

ஒரே வார்த்தைதான். அதைக் கேட்டு அந்தப் பெண் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். அப்போ நான் நினைச்சது சரிதான், நீங்க அப்படிச் செய்ற ஆளா என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையால் ஒரு மனிதன் தன் வீட்டுக்குள்ளேயே பொய்யனாகிப் போனான். அவன் நேரில் வந்து சண்டை போடவும் இல்லை. ஒரு தடவை தெருவில் மடிப்பக்காவை எதிரே பார்த்துவிட்டு, நின்று, முகத்தைப் பார்த்து, பிறகு அந்தப் பக்கமாக நடந்து போய்விட்டான். நாலு வசவு வைதிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். நீராவி இப்போது தன் வீட்டு முன்னறையில் எரிவாயு அடுப்பு பழுது பார்க்கிறான். அவள் ஒரு தையல்கூடத்தில் பொத்தான் வைக்கிறாள். உப்பு இருக்கிறதா, பால் வந்ததா, விளக்கை அணை. அவ்வளவுதான் அந்த வீட்டில் பேச்சு. புதன்கிழமைக் கூட்டத்தில் அவள் மடிப்பக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்து கொடுப்பாள், கூடப் பிறந்தவள் இருந்திருந்தால்கூட இப்படி இருக்க மாட்டாள் என்று மற்றவர்களிடம் சொல்லுவாள். மடிப்பக்கா அந்தத் தைலத்தைத் தடவிக்கொள்வாள். வலியும் கொஞ்சம் கேட்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பும் பழகிப்போகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

சீட்டு எடுத்த அன்றே, வீட்டுக்குத் திரும்புகிற வழியில், மடிப்பக்கா அவளிடம் சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தாள். உனக்கும் ஒரு முறை எப்படியும் வரும், இதை நீ பேசேன், எனக்குக் கால் வலி, நிற்க முடியவில்லை என்றாள். நீராவி வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் எப்படிக்கா பேசுவேன்? பொய் சொல்லி வேலை போனவ நான். பொய் சொல்லாதவங்க பேசினாத்தான் அது எடுபடும்."

அந்த வாரம் முழுக்க மடிப்பக்கா அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிலத்தை விற்றதில் ஒரு பங்கை மறைத்துவைத்துவிட்டு, முழுவதையும் சபைக்குக் கொடுத்ததாகச் சொல்லப் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டார்கள். புருஷன் அனனியா வந்து பொய் சொல்லி, அப்போஸ்தலன் பேதுருவின் முன்னால் விழுந்து செத்தான். சப்பீராள் வந்தாள், அதே பொய்யைச் சொன்னாள், அவளும் செத்தாள். பாடம், பொய் சொல்லாதே. இதற்குப் பத்து நிமிஷம்கூட வேண்டாம்.

ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது. இத்தனை வருஷம் காதில் விழுந்தும் நிற்காமல் போன வரி. அவள் வந்தது மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல். மடிப்பக்கா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் அவள் புருஷனைப் புதைத்தே விட்டார்களே. தூக்கிக்கொண்டு போன வாலிபர்கள் இருந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்த சபை இருந்தது. ஒருத்தர்கூட அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அம்மா உன் புருஷன் போய்விட்டான் என்று சொல்லவில்லையா? அடுப்பிலிருந்து பால் பொங்கி வழிந்தது. கணவர் உள்ளே இருந்து கருகல் வாசனை வருகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

தான் யார் பக்கம் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்று மணி நேரம் தெரிந்தும் சும்மா இருந்தவர்களில் அவள் ஒருத்தி. அதற்குப் பிறகு கடைத்தெருவில் நேருக்கு நேராகக் கேட்டபோது, கேட்டவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன சப்பீராளும் அவள்தான். ஒரே வித்தியாசம், அவள் விழுந்து சாகவில்லை. மறுநாள் எழுந்து வேலைக்குப் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். விழுந்தவளுக்கு அன்றோடு முடிந்தது என்று நினைத்தபோது அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலை வேலையை முடித்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்தாள். பதினோரு பேர் இருந்தார்கள். நின்று பேச முடியாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். நீராவி வீட்டம்மா முன்வரிசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள், அக்கா பேசுவதை எழுதிக்கொள்ள. மடிப்பக்கா கதையை இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். பிறகு அந்த மூன்று மணி நேரத்துக்கு வந்து நின்றாள். பெண்களைப் பார்த்துக் கேட்டாள், யாராவது போய்ச் சொல்லியிருக்கலாமில்லையா என்று. ஓட்டுநர் மனைவி, ஆமாம் பாவம், எனக்கும் அது தோன்றியிருக்கிறது என்றாள். செயலாளரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்போ பாடம் என்ன என்று கேட்டார்.

மடிப்பக்கா செயலாளரம்மாவைப் பார்க்கவில்லை.

"நீராவி அன்னைக்கு எங்கிட்ட சொல்லித்தான் அனுப்பினாரு" என்றாள். "திறப்புக்கு வெளிய நின்னு சொன்னாரு. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன், அவளும் உள்ளதச் சொல்லட்டும்னு. நான் உங்கிட்ட சொல்லல. நீ வாயத் தொறந்தா என் கையெழுத்தும் வெளிய வந்துடும்னு பயம். அப்புறம் கடைத்தெருவில நீ கேட்டப்பவும் இல்லேன்னுட்டேன். அவரு பொய் சொல்லலம்மா. நான்தான்."

செயலாளரம்மா பேனாவைச் சார்ட் தாளில் வைத்தபடியே நின்றார். வைத்த இடத்தில் மை ஊறிப் பெரிய பொட்டாகிக்கொண்டிருந்தது. நீராவி வீட்டம்மா குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். எழுந்தாள்.

"ஆறு வருஷமா அந்த மனுஷன பொய்யன்னு சொல்லிட்டிருக்கேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள். "நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு நான் போய்ச் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. வாங்க. அவரு முன்னாடி நின்னு சொல்லுங்க."

அக்கா என்ற சொல் அதில் இல்லை. மடிப்பக்கா எழுந்தாள். முடிவு ஜெபம் இன்னும் ஆகவில்லை என்று செயலாளரம்மா பலவீனமாக ஏதோ சொன்னார். இரண்டு பேரும் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பத்து நிமிஷ நடைதான். நீராவி வீட்டம்மா திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். மடிப்பக்கா முழங்காலைத் தாங்கித் தாங்கிப் பின்னால் போனாள்.

நீராவி முன்னறையில் பாயை விரித்து, ஓர் அடுப்பைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கம்பியால் அதன் துளைகளைக் குத்திக்கொண்டிருந்தான். தலை நரைத்துப்போயிருந்தது. மனைவி இந்த நேரத்தில் வந்ததைப் பார்த்து நிமிர்ந்தான். அவளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் கம்பியைக் கீழே வைத்தான்.

மடிப்பக்கா வாசற்படியைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் சொன்னதையே சொன்னாள். இந்தத் தடவை இன்னும் சுருக்கமாக. நீங்க சொல்லச் சொன்னத நான் சொல்லல, கேட்டப்பவும் மறைச்சிட்டேன், என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வரல, இத உங்க முன்னாடி சொல்லத்தான் வந்தேன் என்றாள். மூச்சு வாங்கியது.

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். போ என்பான், அல்லது போகட்டும் விடுங்க என்பான். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப நம்புறியா?" என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பாயின் ஓரத்தில், பிரித்துப் போட்ட அடுப்புப் பாகங்களுக்கு நடுவே, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய கரிக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மடிப்பக்காவை யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, படியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கினாள்.